'லே ஆஃப்' என்றால் வேலை போய்விட்டதா?

'லே' ஒரு சொல். 'ஆஃப்' ஒரு சொல். தனித்தனியாக நின்றால் இரண்டும் சாது. ஒன்றாகச் சேர்ந்து ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அந்த வீட்டில் அன்று இரவு யாருக்கும் தூக்கம் இல்லை.

மாத்தூர், மணலி, எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் இந்தச் சொல்லைக் கேட்டிராதவர்கள் இருக்க முடியாது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூடப் படிக்காத பாட்டிகளுக்கும் இது தெரியும். "எதிர்வீட்டுப் பிள்ளைக்கு லே ஆஃப் விட்டுட்டாங்களாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

சொல் தெரிகிறது. பொருள் தெரிகிறதா?

"வேலை போய்விட்டது" என்று பலர் நினைக்கிறார்கள். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. ஒரு நாள் 'ஆட்குறைப்பு' என்கின்றன. மறுநாள் 'பணிநீக்கம்' என்கின்றன. இரண்டும் 'லே ஆஃப்' என்ற சொல்லுக்குச் சரியான தமிழ் அல்ல. இது வெறும் மொழித் தகராறு என்று ஒதுக்கிவிடக் கூடாது. பொருள் தவறினால் தொழிலாளியின் கையில் வரவேண்டிய பணமும் தவறும். அதனால்தான் இதை விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

கிடப்பதும் கிடத்துவதும்

முதலில் 'லே' என்பதை எடுத்துக்கொள்வோம்.

ஆங்கிலத்தில் 'லை' என்று ஒரு சொல் உண்டு. அதற்குக் 'கிட' என்று பொருள். 'லே' என்றால் 'கிடத்து'. குழந்தை தொட்டிலில் கிடக்கிறது. தாய் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறாள். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் 'லை'க்கும் 'லே'க்கும் உள்ள வேறுபாடு.

ஆகவே 'லே' என்றால் கிடத்து, வை, இடு என்று பொருள். கோழி முட்டை இடுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். செங்கல் வைத்துச் சுவர் கட்டுவதற்கும் இதே சொல்தான்.

'ஆஃப்' என்றால் அப்பால், விலகி. விளக்கை 'ஆஃப்' செய்கிறோம் அல்லவா? அதே 'ஆஃப்'தான்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 'அப்பால் வை'. அவ்வளவுதான்! இதில் 'தூக்கி எறி' என்ற பொருளும் இல்லை. 'ஒழித்துவிடு' என்ற பொருளும் இல்லை. ஒரு பொருளைக் கொஞ்ச நேரம் ஓரமாக எடுத்து வைப்பது போன்ற செயல் அது.

மாலுமிகளின் சொல்

இந்தச் சொல்லுக்கு வயது அதிகம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்து மாலுமிகள் இதைப் பயன்படுத்தி இருக்கிறார்கள். அவர்கள் வாயில் இதற்கு என்ன பொருள்? கப்பலைக் கரைக்கு அப்பால் விலக்கிச் செலுத்துவது.

நம் வட சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. சென்னையில் ஒரு காலத்தில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளியே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிப் போய், ஆட்களையும் மூட்டைகளையும் கரைக்குக் கொண்டுவரும். புயல் எச்சரிக்கை வந்தால் கப்பல்கள் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு ஆழ்கடலுக்குப் போய்விடும். கரை அருகே நின்றால் அலை தூக்கி மோதிவிடும் அல்லவா?

1875இல் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அந்தக் கட்டுமானத்தையே உடைத்துப் போட்டது. கடலுக்கு விலகிப் போவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

புயல் ஓய்ந்ததும் விலகிய கப்பல் திரும்பி வரும். சரக்கு இறக்கும். கரைக்கும் கப்பலுக்கும் உள்ள உறவு அறுந்து போவதில்லை.

கடலில் பிறந்த சொல்தான் நேராக ஆலைக்குள் நடந்து வந்தது என்று சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் உள்ள கருத்து ஒன்று என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அப்பால் விலகி நிற்பது. காலம் கனிந்தால் திரும்பி வருவது.

ஒரு சொல், பல வேலை

ஆங்கிலத்தில் இப்படி இரண்டு சிறு சொற்கள் சேர்ந்து புதுப் பொருள் தருவது ஏராளம். 'லே ஆஃப்' மட்டும் எத்தனை வேலை செய்கிறது பாருங்கள்!

டாக்டர் நோயாளியிடம் சிகரெட்டை 'லே ஆஃப்' செய்யச் சொன்னால், அதை விட்டு விலகி இரு என்று பொருள். தம்பியைச் சீண்டுகிற அண்ணனிடம் 'லே ஆஃப்' என்று சொன்னால், அவனைச் சும்மா விடு என்று பொருள். கால்பந்து ஆட்டத்தில், பந்தைப் பக்கத்தில் வரும் கூட்டாளிக்கு மெல்லத் தட்டிவிடுவதும் 'லே ஆஃப்'தான். கப்பல் கட்டுகிறவர்கள் கப்பலின் வடிவத்தை முழு அளவில் தரையில் கோடு போட்டு வரைவதும் அதுதான். பெயிண்டர் கடைசியாகத் தூரிகையை லேசாக ஓட்டி வண்ணத்தைச் சமன் செய்வதற்கும் இதே பெயர்.

இதற்குச் சகோதரச் சொற்களும் உண்டு. 'லே அவுட்' அவற்றில் ஒன்று. மாத்தூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? எம்.எம்.டி.ஏ. மனைகளில் வீடு கட்டிக் குடியேறியவர்கள், 'லே அவுட்' என்றால் மனைப் பிரிவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். 'அவுட்' போட்டால் வீட்டுமனை. 'ஆஃப்' போட்டால் வீட்டில் கவலை!

ஆலைக்குள் நுழைந்தது

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க முதலாளிகள் இந்தச் சொல்லைத் தொழிலாளர்கள் மீது போட்டார்கள். அங்கே பல தொழில்கள் பருவத்தை ஒட்டி நடந்தன. பனிக்காலத்தில் வேலை இராது. மோட்டார்த் தொழிற்சாலைகளில் புது மாடல் கார் வருவதற்கு முன்பு எந்திரங்களை மாற்றி அமைப்பார்கள். அதுவரை தொழிலாளிகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எந்திரம் தயாரானதும் திரும்பக் கூப்பிடுவார்கள். நெடுநாள் வேலை செய்தவருக்கு முதல் அழைப்பு.

இதுதான் 'லே ஆஃப்'. ஆளை அனுப்பும்போதே, திரும்பக் கூப்பிடும் எண்ணமும் அதில் இருந்தது.

காலம் போகப் போகக் கூப்பிடாமலே விட்டவர்கள் பெருகினார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை! 'வேலையை விட்டு நீக்கிவிட்டோம்' என்பது காதுக்குக் கசப்பு. 'லே ஆஃப்' என்பது கொஞ்சம் மென்மை. அதனால் அந்தப் பெயரே நிலைத்தது. 2022 நவம்பரில் 'மெட்டா' கம்பெனி சுமார் 11,000 பேரை அனுப்பியது. 2023 ஜனவரியில் 'கூகுள்' கம்பெனி 12,000 பேர் என்று அறிவித்தது. உலகம் முழுவதும் இதை 'லே ஆஃப்' என்றே எழுதினார்கள். அது திரும்பக் கூப்பிடும் 'லே ஆஃப்' அல்ல. வேலை போனது போனதுதான்.

ஆக, அமெரிக்க ஆங்கிலத்தில் பொருள் மாறிவிட்டது. நம் நாட்டுச் சட்டத்தில் பொருள் மாறவில்லை. குழப்பத்துக்கு வேர் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1947இல் தொழில் தகராறு சட்டம் வந்தது. அதில் 'லே ஆஃப்' பற்றிய விளக்கம் முதலில் இல்லை. ஒரு திருத்தத்தின் மூலம் 1953 அக்டோபர் 24 முதல் அது சேர்க்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. சட்டம் புதிது, 'லே ஆஃப்' விளக்கம் பழையதுதான்.

அது என்ன விளக்கம்?

நிலக்கரி இல்லை, மின்சாரம் இல்லை, மூலப்பொருள் இல்லை, செய்த சரக்கு விற்காமல் குவிந்துவிட்டது, எந்திரம் பழுதாகிவிட்டது, புயல், வெள்ளம் வந்துவிட்டது. இப்படிப்பட்ட காரணத்தால், பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளிக்கு முதலாளியால் வேலை கொடுக்க முடியவில்லை. அதுதான் 'லே ஆஃப்'.

'பதிவேட்டில் பெயர் உள்ள' என்ற சொற்களை இன்னொரு முறை படியுங்கள். 'மஸ்டர் ரோல்' என்கிறார்களே, அதில் பெயர் அப்படியே இருக்கிறது. பெயரை அடிக்கவில்லை. அன்றைக்கு வேலை இல்லை. வேலைக்காரர் என்ற உரிமை இருக்கிறது.

இன்னொரு சுவையான விதியும் உண்டு. தொழிலாளி நேரத்துக்கு வந்துவிட்டார். இரண்டு மணி நேரம் ஆகியும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. அப்படியானால் அன்று அவர் 'லே ஆஃப்' செய்யப்பட்டவராகவே கருதப்படுவார்.

அந்த நாட்களுக்குப் பணம் உண்டா? உண்டு. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பாதி. ஒருவருக்கு இவை இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 வேலை நாள் 'லே ஆஃப்' என்றால் 3,000 ரூபாய் வரவேண்டும்.

இது எல்லாருக்கும் கிடைக்காது. 50 பேருக்குக் குறைவான இடங்களுக்கு இந்த விதி இல்லை. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஓராண்டுக் கணக்கு. பதிலி ஆட்களுக்கும் தற்செயலாக வந்து போகும் ஆட்களுக்கும் இது இல்லை. 'கான்ட்ராக்ட்' தொழிலாளியின் பெயர் ஆலையின் பதிவேட்டில் இருப்பதில்லை. 'கான்ட்ராக்டர்' பதிவேட்டில் இருக்கும். அவர் பாடு இன்னும் திண்டாட்டம்தான்.

மூன்று சொற்கள், மூன்று கணக்கு

ஆலை வாசலில் மூன்று ஆங்கிலச் சொற்கள் அடிபடுகின்றன. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

முதலாவது 'லாக் அவுட்'. தகராறின்போது முதலாளி ஆலையைப் பூட்டித் தொழிலாளர்களை வெளியே நிறுத்துவது. தமிழில் 'கதவடைப்பு'.

இரண்டாவது 'ரிட்ரெஞ்ச்மெண்ட்'. ஆட்களைக் குறைப்பது. தமிழில் 'ஆட்குறைப்பு' என்ற சொல் இதற்குத்தான் பொருந்தும். இதில் வேலை போய்விடுகிறது. ஆகவே கணக்கும் வேறு. ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளம் தரவேண்டும். வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் தரவேண்டும். 12 ஆண்டு உழைத்தவருக்கு 180 நாள் ஊதியம் ஆகிறது. கடைசியில் சேர்ந்தவர் முதலில் போகவேண்டும் என்பது பொது விதி.

மூன்றாவதுதான் நம் 'லே ஆஃப்'. ஆள் குறையவில்லை. வேலைதான் தள்ளிப் போகிறது.

பெரிய ஆலைகள் என்றால், 'லே ஆஃப்' செய்வதற்கும் ஆட்குறைப்புச் செய்வதற்கும் அரசாங்கத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். மின்தடையாலோ இயற்கைச் சீற்றத்தாலோ 'லே ஆஃப்' செய்தால் முன் அனுமதி தேவை இல்லை. பெரிய ஆலை என்றால் எத்தனை பேர்? 1976இல் 300 பேர் என்றார்கள். பிறகு 1980களில் 100 பேர் என்று குறைத்தார்கள். புதிய சட்டத்தில் மறுபடியும் 300. ஆகவே 100க்கும் 300க்கும் இடைப்பட்ட ஆலைகளில் இருப்பவர்களுக்கு அந்தப் பழைய பாதுகாப்பு இப்போது இல்லை. அவர்கள்தான் இந்தச் சொற்களின் வேறுபாட்டை மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொருள் தெரியாததால் வரும் நட்டம்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். கணவன் பத்து மணிக்கே வீடு திரும்புகிறான்.

"என்னங்க, இந்நேரத்துக்கே வந்துட்டீங்க?"

"லே ஆஃப் விட்டுட்டாங்கம்மா."

"ஐயோ, வேலை போச்சா?"

"ஆமா, போச்சு."

அடுத்த நாள் அவன் ஆலைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. 'அதான் வேலை போய்விட்டதே, போய் என்ன செய்ய?' என்று சொந்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறான். பத்து நாள் கழித்து ஆலை ஓடுகிறது. அவன் இழப்பீட்டைக் கேட்கிறான். "நீ வரவே இல்லையே!" என்கிறார்கள்.

சட்டப்படி, 'லே ஆஃப்' காலத்தில் தொழிலாளி குறித்த நேரத்தில் நாளுக்கு ஒரு முறையாவது ஆலைக்குப் போய்த் தலைகாட்ட வேண்டும். போகாவிட்டால் அந்த நாளுக்கான பணம் கிடைக்காது. ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாததால், அவன் வீட்டுக்கு வரவேண்டிய பணம் போயிற்று.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது. உண்மையிலேயே ஆளை நீக்கிவிட்டு, 'லே ஆஃப்தான், கூப்பிடுவோம்' என்று வாய்வார்த்தை சொல்லி அனுப்பினால்? அவன் மாதக்கணக்கில் காத்துக்கொண்டிருப்பான். ஆட்குறைப்புக்கு உரிய பணத்தைக் கேட்கவே தோன்றாது.

வேறு பெயர்களும் வருகின்றன. 2019 செப்டம்பரில் லாரி விற்பனை சரிந்தது. அப்போது எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலைக்கு 16 நாள் 'வேலையில்லா நாள்' என்று நிறுவனம் அறிவித்தது. அதன் வேறு ஊர் ஆலைகளுக்கும் இப்படி அறிவித்தது. 'லே ஆஃப்' என்ற சொல்லே அந்தப் பெயரில் இல்லை. பெயர் புதிதாக இருந்தால் கேட்கவேண்டிய கேள்வி பழையதுதான்: இந்த நாட்களுக்குச் சம்பளம் என்ன கணக்கு?

'வை' வேறு, 'விடு' வேறு

ஆங்கிலேயன் 'ஆஃப்', 'அவுட்' என்று ஒட்டுப்போட்டுப் பொருளை மாற்றுகிறான். நாமும் அதைச் செய்கிறோம். நம் ஒட்டு 'வை', 'விடு' என்பவை.

"கதவைச் சாத்தி வை" என்றால் மறுபடி திறப்போம். "சோற்றை எடுத்து வை" என்றால் பிறகு ஒருவர் வந்து சாப்பிடுவார். 'வை' என்று முடித்தால் பின்னால் ஒரு பயன் காத்திருக்கிறது. "சோற்றைக் கொட்டி விடு" என்றால்? கதை முடிந்தது.

'தள்ளி வை', 'தள்ளி விடு' இரண்டையும் பாருங்கள். தள்ளி வைத்த கல்யாணம் நடக்கும். தள்ளிவிட்ட குடம் உடையும். எழுத்தில் சிறு வேறுபாடு. வாழ்க்கையில் எவ்வளவு பெரிய வேறுபாடு!

சட்டத்தின் 'லே ஆஃப்', 'வை' இனத்தைச் சேர்ந்தது. நாம் அதை 'விடு' இனத்தில் சேர்த்துப் பேசுகிறோம். "லே ஆஃப் விட்டுட்டாங்க" என்று பேச்சிலேயே 'விடு' வந்து உட்கார்ந்துவிட்டது!

நல்ல தமிழ்ச்சொல் இருந்தால் இந்தக் குழப்பம் குறையும். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய சங்கம் அது. பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. தொழிலாளர்களிடம் தமிழிலேயே பேசினார். வேலைநிறுத்தம், கதவடைப்பு, தொழிற்சங்கம் என்ற சொற்கள் இன்று பள்ளிப்பிள்ளைக்கும் விளங்குகின்றன. 'லே ஆஃப்' மட்டும் இன்னும் அனாதையாக நிற்கிறது.

இதற்கு 'வேலை ஒத்திவைப்பு' என்று சொன்னால் என்ன? 'வழக்கு ஒத்திவைப்பு', 'தேர்வு ஒத்திவைப்பு' என்பதைத் தினமும் பத்திரிகையில் படிக்கிறோம். ஒத்திவைத்த வழக்கு முடிந்துபோன வழக்கு என்று யாரும் நினைப்பதில்லை. அடுத்த தேதி எப்போது என்றுதான் கேட்கிறார்கள். 'வேலை ஒத்திவைப்பு' என்று கேட்டால், தொழிலாளியும் "அடுத்த தேதி எது?" என்று உடனே கேட்பார். கேட்க வேண்டிய சரியான கேள்வி அதுதானே!

'வேலை நிறுத்திவைப்பு' என்றும் சொல்லலாம். அதில் ஒரு சங்கடம். 'வேலைநிறுத்தம்' என்பது தொழிலாளி செய்வது. இரண்டும் காதில் ஒன்றுபோல் விழும்.

இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் அதையே வைத்துக்கொள்ளலாம். 'ஆட்குறைப்பு' என்று மட்டும் எழுத வேண்டாம். பத்திரிகைகள் முதலில் இதில் கவனம் காட்ட வேண்டும். தலைப்பைப் பார்த்துத்தான் வீட்டில் அழுகை தொடங்குகிறது.

சீட்டைப் படியுங்கள்

ஆலையில் அறிவிப்பு ஒட்டினால், அல்லது கையில் சீட்டுக் கொடுத்தால், நான்கு செய்திகளைப் பாருங்கள்.

பெயர் பதிவேட்டில் இருக்கிறதா, எடுக்கப்பட்டுவிட்டதா? திரும்ப வரும் தேதி குறித்திருக்கிறதா? காரணம் என்ன எழுதியிருக்கிறது? பணக் கணக்கு என்ன?

வாய்ச்சொல்லை நம்பி வீடு திரும்பாதீர்கள்; எழுத்தில் கேளுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் படித்த பிள்ளையிடம் கொடுத்து, ஒவ்வொரு சொல்லாகப் படிக்கச் சொல்லுங்கள். சங்கம் இருந்தால் சங்கத்தில் காட்டுங்கள். சங்கம் இல்லாவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது.

வீட்டில் உள்ள பெண்களுக்கும் ஒரு வார்த்தை. கணவரோ பிள்ளையோ 'லே ஆஃப்' என்று சொல்லிக்கொண்டு வந்தால், உடனே நகைப்பெட்டியைத் திறக்காதீர்கள். "ஒத்தி வைத்தார்களா, ஒரேயடியாக நிறுத்திவிட்டார்களா?" என்று முதலில் கேளுங்கள். ஒத்திதான் என்றால், மறுநாள் காலையில் அவரை நேரத்துக்கு எழுப்பி ஆலைக்கு அனுப்பி வையுங்கள்.